திங்கட்கிழமைச் சிவப்பு

சாரதாமணி எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவளுடைய தகரப்பெட்டியில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் மூன்று வேதியியல் புத்தகங்கள் இருந்தன. பெட்டியைத் திறந்து பார்த்த உறவுக்காரப் பெண்கள் அவற்றை எடுத்துப் புரட்டி, படம் ஒன்றும் இல்லை என்று கண்டு, மறுபடி அடியிலேயே வைத்தார்கள். கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.எஸ்ஸி. இரண்டு வருடம் முடித்திருந்தாள். இன்னும் ஒரு வருடம் பாக்கி இருந்தது. அவளுடைய அப்பா மில்லில் குமாஸ்தா. என் அண்ணன் தண்டாயுதபாணிக்குப் பெண் கேட்டுப் போனபோது அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம், பெண் படிப்பை முடிக்க விடுவீர்களா என்று.

"அதுக்கென்னங்க. ஒரு வருசம் ஊட்டுல பழகட்டும். அடுத்த ஜூன்ல போய்ச் சேந்துக்கட்டும்" என்று என் அப்பா ரத்தினசாமி தாம்பூலத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். கல்லூரியிலும் ஒரு வருடம் இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த ஜூன் மாதத்தை நம்பித்தான் அண்ணி கழுத்தை நீட்டினாள். அறுபத்தெட்டாம் வருடம் அது.

எங்களுக்கு மண்ணரை என்ற ஊரில் சாயப்பட்டறை. முன்னால் வீடு, நடுவில் திறந்தவெளி வாசல், வாசலைத் தாண்டிச் சமையலறை, அதற்குப் பின்னால் ஒரு சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் பட்டறை. பட்டறையில் ஆண்கள் கோவணத்தோடு தொட்டிக்குள் நின்று துணியைப் புரட்டுவார்கள். அதனால் வீட்டுப் பெண்கள் அந்தச் சுவரைத் தாண்டுவதில்லை. பட்டறையிலிருந்து எங்களுக்கு வந்ததெல்லாம் சத்தமும், சுவருக்கு அடியில் இருந்த மதகு வழியாக வந்த அலசு தண்ணீரும்தான். அந்தத் தண்ணீர் சமையலறை ஜன்னலுக்குக் கீழே ஒரு சிறு வாய்க்காலில் ஓடி நொய்யல் பக்கம் போகும்.

அந்த வருடம்தான் பட்டறைக்குப் புதுச் சாயம் வந்தது. அதுவரை சாயம் போடத் தொட்டிக்கு அடியில் விறகு எரித்துத் தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும். விறகு விலை ஏறியது. கோயம்புத்தூரிலிருந்து வந்த ஏஜெண்டு ஒருவர், இதற்கு அடுப்பே வேண்டாம், பச்சைத் தண்ணீரிலேயே பிடிக்கும் என்று ஒரு பொடியைக் காட்டினார். அப்பாவிடம் வெகுகாலமாகச் சாயம் போட்டுவந்த சாமியப்பன் அதற்கு 'பச்சத்தண்ணிச் சாயம்' என்று பேர் வைத்துவிட்டார். ஏஜெண்டு உப்பு, சலவைச் சோடா என்று விளக்க ஆரம்பித்ததும் சாமியப்பன், "அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதுங்களா? உப்பும் சோடாவும் போடாத சாயம் எங்கீங்க இருக்குது?" என்று சிரித்தாராம். ஏஜெண்டும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அண்ணி வந்து தை பிறப்பதற்குள் முதல் புகார் வந்தது. பல்லடத்தில் பனியன் தைத்து விற்கும் கிட்டுசாமி ஒரு நாள் காலையில் வாசலில் வந்து நின்று, சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினார். முதுகெல்லாம் சிவப்பு.

"ஏனுங்க முதலியாரே, பனியனுக்குத்தான் சாயம் போடச் சொன்னேன். ஆளுக்கும் சேத்துப் போட்டுக் குடுக்கறீங்களாட்ட இருக்குது. என்ற ஊட்டுக்காரி குங்குமத்துக்குப் பதிலா என்ற முதுகத் தொட்டுப் பொட்டு வெச்சுக்கறாளுங்க."

அப்பா சிரிக்கவில்லை. கிட்டுசாமிக்குக் காபி கொண்டுவந்த அண்ணி அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா அவளை முறைத்ததும் உள்ளே போனாள்.

பிறகு இன்னும் இரண்டு இடங்களிலிருந்து துணி திரும்பி வந்தது. எல்லாத் துணியும் இல்லை. ஒரே துணிக்கட்டில் சில துண்டுகளில் சாயம் கல் மாதிரி நின்றது, சில துண்டுகளில் முதல் தண்ணீரிலேயே ஓடியது. காய்ந்த துணியை ஒன்றாக அடுக்கிவிடுவதால் எது எந்த நாள் துணி என்று யாருக்கும் தெரியாது. அப்பா கிணற்றுத் தண்ணீரைச் சந்தேகப்பட்டார். சாமியப்பன் பொடியைச் சந்தேகப்பட்டார். என் அத்தை கமலாம்பாள் ஒரு நாள் ஊரிலிருந்து வந்து, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே வேறு ஒன்றைச் சொன்னாள்.

"ஏன் பொன்னாத்தா, இந்தச் சாயம் என்னிக்கிருந்து ஓடுது?"

"ஐப்பசி கடைசியிருந்துங்க அண்ணி" என்றாள் அம்மா.

"இவ எப்ப வந்து வெளக்கேத்துனா?"

சமையலறையில் அண்ணி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவுகிற சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி கேட்டது.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அவளை ஒரு வார்த்தை கடுமையாகச் சொன்னதில்லை. கொங்கு நாட்டு மரியாதை எங்கள் வீட்டில் குறைவில்லை. "சித்த அக்கட்ட நில்லு அம்மிணி, துணிக்கட்டு போகுது" என்பார் அப்பா. பட்டறைக்கு முதல் நடை போகும்போது அவள் எதிரே வந்தால் திரும்பி வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். அவள் குளித்து முடித்து வாசலுக்கு வரும் நேரம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த நேரத்தில் வாசல் காலியாக இருக்கும்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் தைரியம் வரவழைத்துக்கொண்டு, ஜூனுக்குக் கல்லூரியில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று பேச்சை எடுத்தான். அப்பா ரசத்தை ஊற்றச் சொல்லிவிட்டு, "சாயம் நிக்கட்டும். நின்னுதுன்னா அன்னைக்கே காலேஜப் பத்திப் பேசலாம்" என்றார். அவ்வளவு பேரும் கேட்கத்தான் சொன்னார். கரண்டியோடு நின்ற அண்ணி, "சரிங்க மாமா" என்றாள்.

மாசியில் கமலாம்பாள் அத்தை ஜோசியரிடம் கேட்டுவிட்டு வந்தாள். மருமகளைக் கொஞ்ச நாள் தாய்வீட்டில் வைத்தால் தோஷம் கழியுமாம். அன்று இரவு பாத்திரம் கழுவும்போது அண்ணியின் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம் இருந்தது.

"அங்க போயிட்டா காலேஜு ஒரு பஸ்ஸு தூரம் கண்ணு. அவியளே அனுப்பறாங்க. நல்லதுதான?" என்றாள் என்னிடம்.

அவளுடைய அப்பாவுக்கு ஆள் போயிற்று. அவர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். என் அப்பாவிடம் கூடத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு, சமையலறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"இங்க பாரு சாமி. இப்படித் திரும்பி வந்த பொண்ணு காலைல புஸ்தகத்த எடுத்துட்டு பஸ் ஏறினா ஊரு என்ன சொல்லும்? உனக்குக் கீழ ரெண்டு பேரு இருக்கறாங்க. வந்தயின்னா கதவுக்கு உள்ளதான் இருக்கோணும். எத்தன மாசமோ, எத்தன வருசமோ, எனக்குத் தெரியல. அத விட இங்கயே பொறுத்துக்க."

அவர் கெட்டவர் இல்லை. பேசும்போது மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் போன பிறகு அண்ணி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினாள். அந்த வீட்டுக்கதவும் மூடியாயிற்று. இனி இந்த வீட்டில் சாயம் நின்றால்தான் அவளுக்கு ஜூன் மாதம் வரும்.

ஜன்னலுக்கு வெளியே வாய்க்கால் ஓடியது. சமையலறையில் இருந்தவர்கள் நாங்கள் எல்லோரும் அந்தத் தண்ணீரைத் தினமும் பார்த்தோம். அண்ணி ஒருத்திதான் அதைக் கவனித்தாள். முதல் அலசில் சிவப்பாக வரும், அடுத்த அலசில் ரோஜா நிறம், அதற்கடுத்து வெளுப்பு. அதுதான் வழக்கம். ஆனால் சில நாட்களில் மத்தியானம் வரைக்கும் முதல் தண்ணீர் மாதிரியே சிவப்பு ஓடியது. ஒரு நாள் என்னிடம், "கண்ணு, இன்னைக்கு என்ன கெழமை?" என்று கேட்டாள். திங்கட்கிழமை என்றேன். அடுத்த வாரம் அப்படி ஓடியபோது அவள் கேட்கவில்லை. நானே சொன்னேன். அதுவும் திங்கட்கிழமைதான்.

"திங்கக்கெழமை பட்டறைல என்ன வித்தியாசமாப் பண்றாங்க?"

எனக்கு அது வித்தியாசமாகவே தோன்றியதில்லை. காலையில் துணியை நனைத்துப் பிழிய எட்டு மணி ஆகிவிடும். மற்ற நாட்களில் அதற்குப் பிறகுதான் தொட்டியில் சாயம், உப்பு, சோடா எல்லாம் கரைத்து உடனே துணியைப் போடுவார்கள். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகுகாலம். ராகுகாலத்தில் ஒரு வேலையைத் தொடங்கக் கூடாது. அதனால் அப்பா ஏழு மணிக்கே தொட்டிக்குக் கற்பூரம் காட்டி, சாயமும் உப்பும் சோடாவும் கரைத்துவிடச் சொல்வார். வேலை நல்ல நேரத்தில் தொடங்கியாயிற்று. துணி ஒன்பது மணிக்கு இறங்கும். கொதிக்கும் சாயம் இருந்த காலத்திலும் இப்படித்தான் செய்தோம். அந்தச் சாயம் நாள் முழுதும் காத்துக் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது.

நான் சொல்லி முடிப்பதற்குள் அண்ணி எழுந்துவிட்டாள். மடியிலிருந்த அரிசி தரையில் சிதறியது.

பெட்டியின் அடியிலிருந்து ஒரு புத்தகம் வெளியே வந்தது. நான் அப்போது எஸ்.எஸ்.எல்.சி., தமிழில் படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் புத்தகம் முழுக்க இங்கிலீஷ். அவள் எனக்காகத் தமிழில் சொன்னாள் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் தனக்கே சொல்லிக்கொண்டிருந்தாள் என்று படுகிறது.

"பழைய சாயம் நூலு மேல சும்மா ஒட்டிட்டு இருக்கும் கண்ணு. ஈரத்துணி கண்ணாடில ஒட்டற மாதிரி. இழுத்தா வந்துரும். இது அப்படி இல்ல. இந்தச் சாயத்தோட ஓரத்துல ஒரு குளோரின் அணு இருக்குது. சோடா பட்டதும் அது விலகிரும். விலகுன எடத்துல பருத்திலருக்கற ஆக்சிஜன் வந்து சேரும். ரெண்டும் ஒரு ஜோடி எலக்ட்ரானப் பொதுவுல வெச்சுக்கும். உன்னுதும் இல்ல, என்னுதும் இல்ல, ரெண்டு பேருக்கும். அப்படிச் சேந்துட்டா சோப்புப் போட்டாலும் கல்லுல அடிச்சாலும் பிரியாது. சாயமும் துணியும் ஒரே பொருளாயிரும்."

"அப்பறம் ஏனுங்க அண்ணி ஓடுது?"

"தண்ணிலயும் ஆக்சிஜன் இருக்குதே. சாயத்துக்குப் பருத்தி எது, தண்ணி எதுன்னு பாக்கத் தெரியாது. சோடா விழுந்த நேரத்துல பக்கத்துல யாரு இருக்காங்களோ அவியளோட சேந்துக்கும். சேந்துட்டா அவ்வளவுதான், திரும்பி வராது. ஒம்பது மணிக்குத் துணி எறங்கும்போது பாதிச் சாயம் தண்ணியோட சேந்து முடிஞ்சிருக்கும். நிறம் என்னமோ அதே சிவப்பு. கண்ணால பாத்தா தெரியாது. ஆனா அதுக்குப் பிடிக்கறதுக்குக் கை இல்ல."

சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடி, சிதறிய அரிசியை அள்ளினாள். "நேரத்துல தப்பில்ல கண்ணு. வரிசைலதான் தப்பு" என்றாள்.

அண்ணன் பட்டறையிலிருந்து ஒரு பிடி சாயத்தை வேட்டி முனையில் முடிந்து கொண்டுவந்தான். சோடா எங்கள் வீட்டிலேயே துவைப்பதற்கு இருந்தது. அண்ணி இரண்டு மண்சட்டி எடுத்தாள். ஒன்றில் சாயமும் உப்பும் சோடாவும் கரைத்து, சோறு வடித்துக் குழம்பு கொதித்து இறங்கும் வரைக்கும் வைத்திருந்து, பிறகு பனியன் துணியில் ஒரு துண்டைப் போட்டாள். இன்னொன்றில் சாயமும் உப்பும் மட்டும் அதே நேரம் காத்திருந்தன. அதில் துணி ஊறி, சிவப்பை நன்றாக வாங்கிக்கொண்ட பிறகுதான் சோடாவைக் கரைத்து ஊற்றினாள். சாயங்காலம் இரண்டையும் சோப்புப் போட்டு அலசினாள். முதல் துண்டு துவைக்கத் துவைக்க ரோஜாவாகி, வெளிறிப்போயிற்று. இரண்டாவது துண்டில் சோப்பு நுரை வெள்ளையாகவே இருந்தது.

"அப்பா கிட்ட எப்படிச் சொல்றது?" என்றான் அண்ணன். "ராகுகாலம் பாத்ததுனாலதான் போச்சுன்னா அவர் எலையத் தள்ளிட்டு எந்திரிச்சுக்குவாரு."

"ராகுகாலத்தப் பத்தி நான் ஒண்ணுமே சொல்ல மாட்டேனுங்க" என்றாள் அண்ணி.

சொல்லவும் இல்லை. அப்பா சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும் இரண்டு துண்டையும் ஒரு தட்டில் வைத்து நீட்டினாள்.

"மாமா, ஏழு மணிக்குச் சாயம் கரைக்கறாப்பலயே கரைங்க. கற்பூரமும் அப்பவே காட்டீருங்க. துணியும் ஒம்பது மணிக்கே எறங்கட்டும். சோடாவ மட்டும் துணி எறங்கி அரை மணி பொறுத்துப் போடுங்க. எல்லா நாளும் அப்படியே போட்டாலும் நல்லதுங்க."

அப்பா வெளுத்த துண்டை விரலில் தேய்த்துப் பார்த்தார். சிவந்த துண்டைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு, "சாமியப்பன் ஒப்புக்க மாட்டானே. நீயே வந்து போடு" என்றார்.

அப்படித்தான் எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி முதன்முதலாக அந்தச் சுவரைத் தாண்டினாள். ஆட்களெல்லாம் அன்று கோவணத்துக்கு மேல் துண்டைச் சுற்றிக்கொண்டார்கள். "சின்னம்மிணி சோறாக்க வந்தாங்களா, சாயம் போட வந்தாங்களா? உப்ப மொதல்ல போட்டு சோடாவக் கடைசில தாளிக்கறாங்களாமா!" என்று சாமியப்பன் சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. நான் ஜன்னலில் நின்று வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு வந்தது. அடுத்து ரோஜா வந்தது. அதற்கடுத்து வந்த தண்ணீரில் வாய்க்காலின் அடிமணல் தெரிந்தது.

சித்திரை முழுதும், வைகாசி பிறந்த பிறகும் ஒரு துணி திரும்பி வரவில்லை. கிட்டுசாமி வந்து, இப்போது முதுகு வெறுமையாக இருக்கிறது, வீட்டுக்காரி குறைப்பட்டுக்கொள்கிறாள் என்றார். அண்ணி தன் புத்தகங்களுக்குச் செய்தித்தாளில் அட்டை போட்டாள். கல்லூரிக்கு உடுத்திப் போவதற்கென்று நான்கு நூல் சேலைகளைத் தனியே மடித்து வைத்தாள். ஜூன் பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது அண்ணன் அப்பாவிடம் கேட்டான்.

அப்பாவுக்கு உண்மையாகவே ஆச்சரியமாக இருந்தது.

"என்னடா பேசறே? அவ கை பட்டுத்தான சாயம் நிக்குது. அவளக் கூட்டிட்டுப் போயிட்டா பட்டறைய என்ன பண்றது?"

"கையில்லீங்க மாமா" என்றாள் அண்ணி. "சோடாவக் கடைசில போட்டா யாரு போட்டாலும் நிக்கும்."

"உனக்குத் தெரியாது சாமி. இது கைராசி. எங்கம்மா கை பட்டா மாடு பால் கறக்கும், வேற யாரு போனாலும் உதைக்கும். முருகன் ஒரு கைக்குக் குடுத்தத இன்னொரு கைக்குக் குடுக்க மாட்டான்."

அம்மாவும் அவள் கன்னத்தைத் தடவி, திருஷ்டி கழிப்பது போல் நெற்றியில் விரலைச் சொடுக்கினாள். வந்த நேரம் சரியில்லை என்று வாசலைக் காலி பண்ணின அதே வீடுதான். அப்பா இப்போது பட்டறைக்குப் போகும்போது அண்ணி எதிரே வருகிறாளா என்று நின்று பார்த்துவிட்டுப் போனார்.

அண்ணி அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடவில்லை. ஒரு நாள் சோடாவைச் சாமியப்பனையே போடச் சொல்லிவிட்டுத் தள்ளி நின்றாள். சாயம் நின்றது. அதைக் காட்டி, இது அவர் போட்டது என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா சிரித்தார். "நீ பக்கத்துல நின்னயல்லோ!" அவள் நிற்காத நாள் ஒன்று வேண்டுமே என்றால், அப்படி ஒரு நாள் இல்லை. மாதத்தில் அந்த மூன்று நாட்கள் அவள் தனியறையில் இருப்பாள். அந்த நாட்களில் பட்டறையில் சாயமே போடாமல் வெள்ளைச் சலவை மட்டும் செய்தார்கள். அதற்கு மேல் எதைச் சொல்லி நிரூபிப்பது? வேண்டுமென்றே ஒரு தொட்டியைக் கெடுத்தால் என்ன என்று கூட அவள் ஒரு தடவை என்னிடம் கேட்டாள். அவளே பதிலும் சொன்னாள். "கெட்டா மறுபடி தோஷம்பாங்க. அந்தக் கதவும் நமக்குத் தெரிஞ்ச கதவுதான்."

ஜூன் வந்தது. கல்லூரி திறந்த அன்று மழை தூறியது. அண்ணி ஏழு மணிக்குத் தொட்டியடியில் நின்றாள். அவளுடைய இடத்தை வேறு யாருக்கோ கொடுத்திருப்பார்கள்.

மறு வருடம் பையன் பிறந்தான். பிரசவத்துக்குப் போகும் முன் அப்பா அவளைச் சோடா மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, அவள் கையாலேயே அளந்து பொட்டலம் பொட்டலமாகக் கட்டி வைக்கச் சொன்னார். ஒரு மூலையில் மலை மாதிரி குவிந்திருந்தது. அவள் இல்லாத நாளெல்லாம் சாமியப்பன் அந்தப் பொட்டலங்களைப் பிரித்துப் போட்டார். சாயம் நின்றது. அப்பாவின் நம்பிக்கை இன்னும் கெட்டியானது. "இப்படியே பொட்டணம் கட்டி வெச்சுட்டுக் காலேஜுக்குப் போறேனுங்க மாமா" என்று திரும்பி வந்ததும் கேட்டாள். "பிரசவத்துக்குன்னா சாமி மன்னிச்சுக்கும். வருசக்கணக்குக்கு அப்படிப் பண்ணலாமா?" என்றார் அப்பா. பிறகு அவள் கேட்கவில்லை.

என்னைக் கல்லூரிக்கு அனுப்பியது அண்ணிதான். நேராகக் கேட்காமல், அம்மாவிடம் மாப்பிள்ளை வீட்டார் இப்போதெல்லாம் படிப்பைக் கேட்கிறார்கள் என்று வாரம் ஒரு தடவை சொல்லிவந்தாள். அவள் படித்த அதே கல்லூரி. நான் வேதியியல் எடுத்தேன். விடுமுறையில் வரும்போதெல்லாம் என் புத்தகத்தை வாங்கி, அடுப்படியிலேயே நின்று இரண்டு பக்கம் படிப்பாள். அவள் விரல் நுனி எப்போதும் சிவந்திருக்கும். பக்கம் அழுக்காகக் கூடாது என்று முந்தானையால் பிடித்துத்தான் புரட்டுவாள்.

போன வருடம் நான் விடுமுறைக்கு வந்திருந்த ஒரு வாரத்தில் அவள் தன் தங்கையின் நிச்சயதார்த்தத்துக்குக் கோயம்புத்தூர் போக வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை போய் திங்கட்கிழமை மத்தியானம் வருவதாக ஏற்பாடு. வழக்கம்போல் சனி, திங்கள் இரண்டு நாளைக்கும் பொட்டலம் கட்டி வைத்துவிட்டுப் போனாள். திங்கட்கிழமை காலையில் நான் அப்பாவிடம், சாமியப்பனுக்கு உதவியாக நிற்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போனேன். அண்ணி கட்டின பொட்டலத்தைத் தொடவில்லை. தைப்புப் பிரிக்காத புது மூட்டை ஒன்று இருந்தது. அதன் நூலை நானே உருவினேன். நானே அளந்தேன். ஒன்பது மணிக்குத் துணி இறங்கி, சிவப்பை வாங்கிக்கொண்ட பிறகு நானே சோடாவைக் கரைத்து ஊற்றினேன். இத்தனை வருடமாக ஒருவரும் செய்து காட்டாததைச் செய்து காட்டப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் அலசு தண்ணீர் தெளிந்து ஓடியது. அப்பா வந்து துணியை வெள்ளை வேட்டியில் தேய்த்துப் பார்த்தார். வேட்டி வெள்ளையாகவே இருந்தது. அந்த நேரத்தில்தான் அண்ணி பையோடு பட்டறை வாசலில் வந்து நின்றாள். குழந்தை இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தது.

"அப்பா, இதுல அண்ணி கையே படலீங்க. அவங்க கட்டுன பொட்டணம் பாருங்க, அப்படியே கெடக்குது. எல்லாம் நான் போட்டேன். கைராசி ஒண்ணும் இல்லீங்கப்பா, வரிசைதான்" என்றேன்.

அப்பா பொட்டலத்தைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பி, சிவந்திருந்த உள்ளங்கையைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"உனக்கும் வந்துருச்சு கண்ணு. கூடவே இருந்தயல்லோ, அண்ணி கை உனக்கும் எறங்கீருச்சு. அட முருகா! இனி ரெண்டாவது தொட்டி கட்டீரலாம். ஒண்ணுல அவ, ஒண்ணுல நீ. படிச்ச வரைக்கும் போதும். அடுத்த வாரத்துல இருந்து நீ இங்கயே இரு."

சாமியப்பன் தலையை ஆட்டினார். இரண்டாவது தொட்டிக்கு எந்த இடம் என்று அப்பா சுவர் ஓரமாகப் பார்த்தார். நான் என்ன சொன்னாலும் அது கைராசிக்குச் சாட்சியாகத்தான் போகும் என்று அப்போதுதான் புரிந்தது. அண்ணி இதற்குள்தான் இத்தனை நாளும் நின்றிருக்கிறாள்.

"அவ கை இல்லீங்க மாமா."

அண்ணி குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். குரல் எப்போதும் போல மெதுவாகத்தான் இருந்தது.

"அந்த மூட்டைய நான் வெள்ளிக்கிழமையே பிரிச்சேனுங்க. முழங்கை வரைக்கும் கைய உட்டுக் கட்டியெல்லாம் உடைச்சு வெச்சுட்டு, பூச்சி விழுமேன்னு மறுபடி தைச்சுட்டுத்தான் பஸ் ஏறுனேன். அதுலருந்து யாரு எடுத்துப் போட்டாலும் நிக்கத்தான் நிக்கும். இவளுக்கு அந்த ராசி எங்கீங்க? போன லீவுல இவ பாத்திரத்துல முக்குன கைக்குட்டை கூட ஓடிப்போச்சு."

அப்பா என் கையை விட்டார். "அதானே பாத்தேன்" என்றார். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம், ஆனால் நிம்மதியும் இருந்தது. உலகம் அவருக்குத் தெரிந்த மாதிரியே இருக்கிறது. "அப்பன்னா நீ வெளியூரு போறதுன்னா மூட்டையத் தொட்டுட்டே போயிரு அம்மிணி. அதுவே போதும்."

"சரிங்க மாமா."

அந்த மூட்டையின் தைப்பு நூல் அப்போதும் என் கைக்குள் சுருண்டு கிடந்தது. ஆலையில் மெஷினில் தைத்த நூல், யாரும் கையால் மறுபடி தைத்தது இல்லை. அதை நீட்டிக் காட்டினால் போதும், அவள் சொன்னது பொய் என்று தெரிந்துவிடும். அண்ணி என்னைப் பார்த்தாள். நான் கையை இறுக்கி மூடிக்கொண்டேன்.

அவள் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, பையை ஆணியில் மாட்டினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "சாமியப்பண்ணா, நாளைக்கு நீலமுங்களா?" என்று கேட்டபடி தொட்டிப் பக்கம் போனாள்.

மறுநாள் காலையில் நான் கோயம்புத்தூர் பஸ் ஏறினேன். இது என் கடைசி வருடம். அந்த நூல் என் புத்தகத்துக்குள், அணுக்கள் சேர்வதைப் பற்றிய பாடத்தில் இருக்கிறது.